குத்தின் பலம் பின்னங்காலில்

ஆசிரியருக்கு,

சீனத் தற்காப்புக் கலைகள் பற்றிய உங்கள் கட்டுரை, அசையாமல் நிற்கும் ‘ஜான் ஜுவாங்’ பயிற்சியை நன்றாகவே விளக்கியிருந்தது. ஆனால் நாள்தோறும் நின்றாலே பலம் தானாக வந்துவிடும் என்பது பாதிதான் உண்மை. நிற்கும்போது யார் தள்ளினாலும் அசையாதவர்கூட, ஓர் அடி எடுத்து வைக்கும் நேரத்தில் லேசாகத் தொட்டாலே தடுமாறுவார். ஒரு கால் தரையை விட்டதும் உடல் எடை முழுவதையும் மற்றொரு கால் தாங்க வேண்டும். உடலின் கட்டு உடைவது அங்கேதான்.

இதற்கு ஷிங்யி என்ற சீனத் தற்காப்புக் கலையின் அரையடி நடை நல்ல பாடம். 19ஆம் நூற்றாண்டு ஆசான் குவோ யுன்ஷென் இன்றும் பேசப்படுவது அரையடியில் போடும் ‘பெங்’ என்ற நேர்குத்துக்காகத்தான். ‘சான்டி’ என்ற அடிப்படை நிலையில் முன்பாதம் நேராகவும், பின்பாதம் சுமார் 45 டிகிரி வெளியே திரும்பியும் இருக்கட்டும். எடையில் 60 முதல் 70 சதவீதம் பின்னங்காலில். பின்னங்கால் தரையை உந்த, முன்னங்கால் தரையை ஒட்டியே முன்னே போகும். அது ஊன்றியதும் பின்னங்கால் அரையடி தொடர்ந்து வந்து சேரும். முன்பாதம் ஊன்றும்போதே குத்து விழ வேண்டும் என்பார்கள் சிலர். பின்பாதம் வந்து சேரும்போது என்பார்கள் வேறு சிலர். எதுவானாலும் சரி, காலை முந்திக்கொண்டு கை போய்விட்டால் குத்தில் இருப்பது கையின் எடை மட்டுமே.

அதிகம் கெடுப்பது, ஆசைப்பட்டு எட்டி வைக்கும் அடி. உடம்பு பின்னால் இருக்கக் குதிகால் முன்னே போய் ஊன்றினால் பிரேக் போட்ட மாதிரிதான். உந்திய வேகம் முன்முட்டியில் இறங்கும். முட்டி பாதவிரல்களின் திசையை விட்டு உள்ளே சாய்ந்தால் வலியும் கூடவே வரும். தோள் தூக்குவது, அடிக்கு அடி தலை ஏறி இறங்குவது எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

சோதித்துப் பார்ப்பது எளிது. நீட்டிய முஷ்டியில் துணையாள் உள்ளங்கையை வைத்து, ஒரே சீராக, மிதமாக அழுத்தட்டும். ஓர் அடிக்கு மூன்று மூச்சு என்ற வேகத்தில் நகருங்கள். அழுத்தம் பின்பாதம் வரை போய்ச் சேர்ந்தால் சரி. முதுகு பின்னால் வளைந்தால் அழுத்தத்தை இடுப்பில் விட்டுவிட்டீர்கள். தோள் பின்னுக்குப் போனால் முழங்கை வெளியே விலகியிருக்கும். துணையாள் திடீரென்று தள்ளக் கூடாது. தள்ளினால் விறைத்துக்கொண்டு எதிர்க்கத்தான் தோன்றும், எங்கே உடைகிறது என்பது தெரியாமலே போகும்.

தோளோடு இடுப்பு, முழங்கையோடு முழங்கால், கையோடு பாதம் என்ற மூன்று வெளி இணக்கங்களையும் பலர் நின்ற நிலையில் கோடு பிடித்துப் பார்ப்பதோடு விட்டுவிடுகிறார்கள். அவை சேர்ந்தே கிளம்பிச் சேர்ந்தே நிற்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை படம் போடும்போது இடுப்போடு வெட்டிவிடாதீர்கள். பின்பாதம் தெரியாத படத்தில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

– தற்காப்புக் கலைப் பயிற்சியாளர் ஒருவர்