பலெர்மோ தமிழர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

அன்பான அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

பொங்கல், வாணிவிழா, ஒளிவிழா மூன்றும் வழமைபோல் நடந்தன. செப்டெம்பரில் நகரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு சைவர், கத்தோலிக்கர் என்று பாராமல் சேர்ந்து ஏறினோம். நிர்வாகசபைக் கூட்டத்தை ஆள் போதாமல் இரண்டு தடவை தள்ளிவைத்தோம்.

நான் அதிகம் பாடுபட்டது நம் நகரின் பழைய பொக்காதிஃபால்கோ விமான நிலையத்தின் கதையைச் சொல்லும் கையேட்டுக்குத்தான். சங்கத்துக்கு இது என்ன வேலை என்று சிலர் கேட்டீர்கள். பதிலை இங்கே எழுதிவைக்கிறேன்.

நம்மில் பலர் தினமும் அந்த வேலியோரமாகத்தான் வேலைக்குப் போகிறோம். பெயருக்கு ‘வல்லூறின் வாய்’ என்று பொருள். 1931இல் இராணுவ விமானங்களுக்காகத் திறந்தார்கள். 1943 ஜூலை 22இல் அமெரிக்கப் படை நகருக்குள் வந்தபோது அதுவும் கைமாறியது. போருக்குப் பிறகு பயணிகளும் இங்கேதான் வந்திறங்கினார்கள். ஒரு பக்கம் மோன்தே குச்சோ மலை, மறுபக்கம் வீடுகள். ஓடுபாதையை நீட்ட இடமேது? 1960இல் பயணிகள் விமானங்கள் கடலோரத்துப் புந்தா ராயிசியின் புது விமான நிலையத்துக்குப் போய்விட்டன. இப்போது சிறு விமானங்களும் பொலிஸ் ஹெலிகொப்டர்களும்தான்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையமும் பிரித்தானிய விமானப்படை இரண்டாம் உலகப் போரில் போட்டதுதானே. 1990இல் போரால் அதைச் சுற்றியுள்ள ஊர்களை விட்டு வந்தவர்கள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். வேலிக்கு இப்பால் நிற்பது என்னவென்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரு ஞாயிறு பிள்ளைகளோடு வேலியோரம் நடந்தோம். பலாலிக்குப் பக்கத்து வயாவிளான் ஊர் அம்மா ஒருவர் கம்பிவலையைப் பிடித்தபடி, சிறு விமானம் ஒன்று இறங்கி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கட கிணறும் இப்பிடித்தான், வேலிக்கு அங்கால” என்றார். “அம்மம்மா, இப்ப அதில ஆர் தண்ணி அள்ளுறது?” என்று பேத்தி கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. பேத்தியின் தலையைத் தடவிவிட்டு நடந்தார்.

அன்றைக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. ஒரு தொலைபேசி கூட இல்லை. உள்ளே பார்க்க அனுமதி கேட்டு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. எட்டுப் பக்கக் கையேட்டை அச்சடித்த காசு என் கையிலிருந்து போனது. சந்தாவோ, கட்டியவர்களே திரும்பவும் கட்டுகிறார்கள்.

வரவு செலவு ஏறக்குறைய சமம். மண்டப வாடகை போக மிச்சம் சொற்பம். விவரம் பொருளாளரிடம் உண்டு. அவருக்கும், விழாக்களுக்குச் சமைத்த சகோதரிகளுக்கும், கணக்காய்வாளருக்கும் நன்றி.

அடுத்த வருடம் கையேட்டில் பலாலிப் பக்கங்களையும் சேர்க்க வேண்டும். தனியாளாக என்னால் ஏலாது. வேறு யாராவது பொறுப்பை எடுத்தால் கோப்புகளைச் சந்தோஷமாகக் கொடுப்பேன். நானே தொடர வேண்டுமென்றால் கூட நிற்க இரண்டு பேர் வேண்டும். பொதுக்கூட்டத்துக்கு வரும்போது நிலுவைச் சந்தாவையும், வீட்டில் பழைய பலாலிப் படங்கள் இருந்தால் அவற்றையும் கொண்டுவாருங்கள். படங்களைப் பிரதி எடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தருகிறேன்.

செயலாளர்