ஐயாவின்ர வெள்ளைச் சேட்டு

நாப்போலி
2023 ஜூன்

தம்பி,

நான் நல்ல சுகம். அம்மாவின்ர கால் உளைவு இப்ப என்ன மாதிரி? போன கிழமை காசு போட்டனான், வந்திட்டுதோ எண்டு ஒருக்கா பாத்துச் சொல்லு. ரெண்டு மாசமா வடிவாக் கதைக்கேல்ல எண்டு கோவத்தில வொய்ஸ் அனுப்பினனீ, இங்க ஊரே ஒரு நிலையில இல்லையடா, அதான் இருந்து எழுதுறன்.

எனக்கும் உதைபந்தாட்டத்துக்கும் எவ்வளவு தூரம் எண்டு உனக்குத் தெரியும், குருநகரில நீ விளையாடேக்க நான் கச்சான் திண்டுகொண்டு வேற எங்கயோ பாத்துக்கொண்டு நிண்டவன். அந்தப் பாவத்துக்கு இங்க வட்டியோட கட்டுறன்.

நான் வீட்டில வேலைக்கு நிண்டு பராமரிக்கிற இந்த ஊர் ஐயாவுக்கு 84 வயசு. போன வருசம் வெயிலுக்க அவர் ஒரே புறுபுறுப்பு, நாப்போலி ரீமை விட்டிட்டு குலிபாலி போயிட்டான், இன்சிஞ்ஞே போயிட்டான், மெர்ட்டன்ஸும் போயிட்டான், வந்தது ஆரெண்டா வாயில நுழையாத பேரோட ஒரு ஜோர்ஜியாக்காரப் பெடியனும் ஒரு கொரியாக்காரனும், இந்த முறை துலைஞ்சுது எண்டு. ஓகஸ்ட் 15 முதல் மட்ச், வெரோனாவில. நான் என்ர பாட்டுக்கு ரீவிக்குப் பக்கத்தில நிண்டு அவற்ற வெள்ளைச் சேட்டை அயன் பொக்ஸால மினுக்கிக்கொண்டு நிண்டன். 5-2 எண்டு நாப்போலி வெண்டிட்டுது, அந்த ஜோர்ஜியாப் பெடியன் க்வரட்ஸ்கேலியாவும் ஒரு கோல் அடிச்சான். அண்டையோட நான் மாட்டினன். பிறகு ஒவ்வொரு மட்ச்சுக்கும் அதே இடம், அதே சேட்டு, மினுக்கோணும். சுருக்கமே இல்லாத சேட்டடா!

சிரிக்காத, இங்க எல்லாரும் இப்பிடித்தான். சம்பியன் ஆகிற ரீமுக்கு அடுத்த வருசம் ஜேர்சியில சின்னக் கேடயம் ஒண்டு தைப்பினம், ஸ்குதெத்தோ எண்டு பேர், அதைச் சொன்னாலே கண்ணூறு. எங்கட ஐயா "அந்தச் சாமான்" எண்டுதான் சொல்லுவார். அதுக்கு முதல் கடைசியா அந்தச் சாமான் நாப்போலிக்கு வந்தது 1990, மரடோனா இருக்கேக்க.

ஜனவரி 4 நான் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போயிட்டன், இன்ரர் மிலானோட 1-0 தோல்வி, அந்தச் சீசன் லீக்கில முதல் தோல்வி. ரெண்டு நாள் என்னோட முகம் குடுக்கேல்ல மனுசன். 13 ஆம் திகதி யுவெந்துஸுக்கு 5-1 அடிச்சாப் பிறகுதான் கோப்பி போட்டுத் தா எண்டு வாய் திறந்தவர். யுவெந்துஸ் ரூரின் ரீம். ஐயாவின்ர தம்பியும் அந்தக் காலத்தில ரூரினுக்குக் கார் பக்ரரி வேலைக்குப் போனவராம். தெற்கில இருந்து அப்பிடிப் போன சனத்துக்கு அங்க மரியாதை இல்லை, இப்பவும் வடக்கு மைதானங்களில வெசுவியஸ் எரிமலை இவங்களை நெருப்பால கழுவட்டும் எண்டு பாட்டுப் பாடுறாங்கள். இதைச் சொல்லேக்க ஐயா என்னைப் பாத்த பார்வையில, உனக்கு விளங்கும்தானே எண்டு கேட்டமாதிரி இருந்தது.

இனி ஏப்ரல் 30. மத்தியானம் ரெண்டாவதா நிண்ட லாட்சியோ தோத்திட்டுது, சலெர்னித்தானா ரீமை நாங்கள் வெண்டா அண்டைக்கே சம்பியன். தெருத்தெருவா நீலக் கொடி, எங்கட ரீமில கோல் அடிக்கிற ஒசிம்ஹென் போடுற முகமூடியோட சின்னப் பெடியள், எங்கட யாகப்பர் கோயில் திருநாள் தோத்துப்போகும். 62 ஆம் நிமிசம் எங்கட ஒலிவேரா தலையால கோல் அடிச்சான், வெடிச் சத்தத்துக்கு நான் எல்லாத்தையும் மறந்து பல்கனிக்கு ஓடிட்டன். திரும்பி வந்தா சேட்டுக் கொலர் கருகி மணக்குது, ஐயா அதைப் பாத்தபடி ஒண்டும் பேசாமல் இருக்கிறார். 84 ஆம் நிமிசம் மற்ற ரீமில தியா எண்டவன் திருப்பி அடிச்சிட்டான், 1-1. எனக்கு வேலை போச்சுது எண்டுதான் நினைச்சன்.

மே 4 உதினே எண்ட ஊரில உதினேசே ரீமோட மட்ச். இங்க மரடோனா மைதானத்தில பெரிய ஸ்கிரீன் போட்டு 50,000க்கு மேல சனம். ஐயா அந்தக் கருகின சேட்டையே எடுத்து மேசையில வைச்சார். முதல் பாதியில உதினேசே ஒண்டு அடிச்சிட்டுது, நான் வேர்வை வடிய மினுக்கிறன். 52 ஆம் நிமிசம் ஒசிம்ஹென் அடிச்சான். 1-1, சம்பியனாக அது காணும். 33 வருசத்துக்குப் பிறகு, இன்னும் அஞ்சு மட்ச் கிடக்க! ஐயா அழேல்ல. போட்டிருந்த உடுப்பைக் கழட்டிப்போட்டு, சூடு ஆறாத அந்தச் சேட்டைப் போட்டார், பொத்தான் பூட்டக் கை நடுங்கினது, நான்தான் பூட்டிவிட்டன். வீல்செயாரில கீழ இறக்கினா ஊர் முழுக்கப் புகை, ஆரெண்டே தெரியாத சனம் என்னைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சுது. விடியவே மனிசியின்ர கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார், அதே கொலரோட.

கடைசியில 90 புள்ளி, ரெண்டாவதா வந்த லாட்சியோவை விட 16 கூட. கோச் ஸ்பல்லெத்தி விட்டிட்டுப் போறார். ஐயாவுக்கு அது பெரிய கவலை இல்லை, ஓகஸ்ட்டில லீவு கேட்டனான், அதுதான் அவருக்குப் பெரிய கவலை, ஏலாது எண்டிட்டார். அதால ஜூலையில யாகப்பர் திருநாளுக்கு வாறன், சீசன் தொடங்க முதல் திரும்போணும், ரிக்கெற் போட்டாச்சு, அம்மாட்டச் சொல்லு. உனக்கு க்வரட்ஸ்கேலியாவின்ர 77 ஆம் நம்பர் ஜேர்சி எடுத்து வைச்சிருக்கிறன், ஒரிஜினல் இல்லை, ரோட்டுக்கடையில வாங்கினது. மினுக்கிறது நீயே மினுக்கு.

அண்ணா