ஒன்பதரை மணி

குடியாத்தம்,
மாசி 8

கண்ணு,

நல்லா இருக்கிறாயா? மூன்று ஞாயிற்றுக்கிழமையாக உன் போன் இல்லை. குறை சொல்லவில்லை. அக்டோபரில் ஜெர்மனிக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளியதும் எட்டரை மணி போன் ஒன்பதரைக்குப் போய்விட்டது. அப்பா அதுவரை தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடு.

அங்கே ஒருவர் வீட்டுக்குப் போகவே மூன்று வாரம் முன்னால் நாள் கேட்க வேண்டும் என்றாயே, ஆயா இருந்தால் சிரித்திருப்பாள். நம்ம ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை வைத்து, 'சிரசு முடிஞ்ச எட்டாம் நாள் பொறந்தவ' என்பதுதான் உன் பிறந்தநாளுக்கு அவள் கணக்கு. 1996-ல் தாது வருஷம் பிறந்ததும் இரண்டு மூட்டை கேழ்வரகு வாங்கிப் பரணில் ஏற்றினாள், ஞாபகம் இருக்காது, நீ கைக்குழந்தை. 1876 தாது வருஷப் பஞ்சத்தைக் கதைகதையாகக் கேட்டு வளர்ந்தவள். அறுபது வருஷத்துக்கு ஒருதரம் அதே பேர் வரும், பஞ்சமும் கூடவே வரும் என்று பயம். 1936-ல் வரவில்லையே என்றால், 'வழியில எங்கியாவது நின்னிருக்கும்' என்பாள்.

அவள் கேழ்வரகு வாங்கிய அதே வருஷம்தான் நான் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போக ஆரம்பித்தேன். நிழல் பார்த்து உலை வைத்தவள், எனக்காக வேன் ஹாரனுக்கு வைக்கப் பழகினாள். உன் ஃபீஸுக்கு நான் யாரிடமும் கைநீட்டவில்லை. இந்தத் தெருவிலிருந்து ஜெர்மனி போனது நீ ஒருத்திதான். போனால் போன் செய்ய முடியாதா என்ன?

அந்த ஹாரன். மூன்றாம் வகுப்பில் ஒருநாள் உனக்குக் காய்ச்சல், ஆயா ஊரில் இல்லை. காலையிலேயே நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. வேன் வாசலில். விட்டால் கூலி போச்சு. 'ஒண்ணுமில்லை' என்று பள்ளிக்கு அனுப்பினேன். ஆறரைக்குத் திரும்பினபோது பையைக் கட்டிக்கொண்டு திண்ணையில் சுருண்டு கிடந்தாய். 'மணி என்னம்மா?' என்றுதான் கேட்டாய். தெரிந்தே அனுப்பினேன் என்று அப்பாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

சரி. போன தடவை பேசும்போது உன் பக்கத்தில் யாரோ தும்மினார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. மிளகு தட்டி ரசம் வை, அவங்களுக்கும் கொடு. நேரத்துக்குச் சாப்பிடு.

பங்குனியில் அப்பாவுக்கு அறுபது. அவர் பிறந்த விசுவாவசு வருஷம் திரும்பி வந்திருக்கிறது. லீவு கேட்டாயா? ஆரணிக்குப் போய்ப் பட்டு எடுக்க வேண்டும். வேட்டி எத்தனை எடுப்பது என்று மட்டும் சொல்லிவிடு.

அம்மா