வார்ப்பு தை மாதம்தான்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் வந்து போகிறது. போனில் பேசினால் நீ டியூட்டி அவசரத்தில் "சரி அப்பா, சரி அப்பா" என்று வைத்துவிடுகிறாய். நம் புது வீட்டு மேல் வார்ப்பு, அதாவது கூரைக்குக் கான்கிரீட் தளம் போடும் விஷயத்தை அப்படிப் பேசி முடிக்க முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு லீவில் வரும்போது வார்ப்பு வைக்க வேண்டும், கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டாய். நியாயமான ஆசை, உன் உழைப்புக் காசு. ஆனால் அது நல்ல மழைக்காலம் மக்களே. மற்ற மாவட்டக்காரர்களுக்கு ஒரு மழை என்றால் நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு. ஜூனில் தொடங்குவது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் அடுத்தது வந்துவிடும், டிசம்பர் வரை விடாது. ஒக்கி புயல் அடித்ததும் 2017 நவம்பர் 30, திருவிழா நடுவில்தான். அன்றைக்கு நம் ஓடுகள் பறந்த பிறகுதானே கான்கிரீட் வீடு என்ற பேச்சே வந்தது. போட்ட கான்கிரீட் இறுகுவதற்குள் மழை கொட்டினால் மேலே உள்ள சிமென்ட் பால் கழுவிக்கொண்டு போகும். அதைவிடப் பயம், தளம் இறுகும்வரை கீழே தாங்குகிற முட்டுக் கால்கள் ஊன்றிய மண் நனைந்து இறங்குவது. முட்டு ஒரு இன்ச் இறங்கினால் தளம் தொந்தி வைத்துவிடும், பிறகு யாராலும் நிமிர்த்த முடியாது. அதனால் தைப்பொங்கல் கழிந்து, ஜனவரி கடைசியில் வைப்பதாக நான் முடிவு செய்துவிட்டேன். தம்பி வீடியோ காலில் காட்டுவான். கோபப்படாதே.

அடுத்தது கலவை. கான்ட்ராக்டர், "ஊரில் எல்லாருக்கும் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்றுதான், நூறு வருஷம் நிற்கும்" என்கிறார். சிமென்ட் ஒன்று, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்ற அந்தக் கலவையின் தரம் எம்20; எண் கூடினால் பலம் கூடும். இன்ஜினியர் வரைபடத்தில் எம்30 எழுதியிருக்கிறார். நான் இன்ஜினியர் பக்கம். கடற்காற்று நேராகப் படுகிற கம்பிக் கான்கிரீட் எம்30க்குக் குறையக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இலேயே இருக்கிறது. நீ சின்ன வயதில் டியூஷன் படித்த வீடு நினைவிருக்கிறதா? அந்த முன்அறைச் சீலிங்கை இப்போது போய்ப் பார்க்க வேண்டும். காரை பலகை பலகையாக விழுந்து, உள்ளே கம்பி செம்மண் நிறத்தில் பொரிந்து நிற்கிறது. விரலால் சுரண்டினால் ஏடு ஏடாக உதிர்கிறது. உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்தே உடைத்துவிடும். அவர்கள் கட்டியதும் ஊர்க் கலவைதான்.

உப்பைத் தடுப்பது கவர், அதாவது கம்பியைச் சுற்றி மூடி நிற்கிற கான்கிரீட்டின் கனம். அறைக்கு உள்பக்கம் 30 மில்லிமீட்டர், வெளியே காற்றுப்படும் இடத்தில் 45 என்று இன்ஜினியர் குறித்திருக்கிறார். அதற்காகவே தளம் ஐந்து இன்ச் இல்லை, ஆறு இன்ச். 1000 சதுர அடிக்கு ஆறு இன்ச் என்றால் 500 கன அடி, கிட்டத்தட்ட 14 கன மீட்டர். பீம் தனி. ஐந்து இன்ச் போட்டால் 12 கன மீட்டருக்குள் முடியும். செலவு கூடுகிறது என்று நீ கேட்டாயே, கூடுவது இங்கேதான். முன்பக்கத் தூணுக்குக் கல் ஒட்டுகிற வேலையை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், தளத்தை அடுத்த வருஷம் தடிப்பாக்க முடியாது.

கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டைச் செருகி வைப்பது இங்கே வழக்கம். ஆள் நடந்தால் அது நழுவும், கம்பி பலகையோடு படுத்துவிடும். சிமென்ட் கவர் பிளாக் வாங்கித்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வாசல் பக்கம் வெளியே நீளும் இரண்டரை அடிக்குக் கதை வேறு. அங்கே முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். அதை மிதித்து மிதித்துக் கீழே இறக்கிவிட்டால் அந்த நீட்டம் ஒருநாள் ஒடிந்து விழும். வார்ப்பு அன்றைக்கு நான் அந்த மூலையிலேயே நிற்பேன்.

எம்30 என்பதால் எடை போட்டுத்தான் கலக்க வேண்டும், பெட்டியால் அளந்து போடுவது ஒத்துவராது. பிளான்ட்டிலேயே கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் எடுக்கலாம். லாரிக்கு 6 கன மீட்டர் வைத்தால் பீமோடு மூன்று லோடு வரும். நம் சந்தில் லாரி நுழையாது, பள்ளி முக்கில் நிறுத்திப் பம்ப் பைப் இழுக்க வேண்டும். ஏற்றி இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டும். கலவை கெட்டியாக இருக்கிறது என்று டிரைவர் ஓஸைப் பிடித்துத் தண்ணீர் விட்டால் எம்30க்குக் கொடுத்த காசு வீண். அதையும் ஒரு ஆள் பார்க்க வேண்டும், உன் மாமா வருவார்.

கலவைத் தண்ணீர் பிளான்ட்காரர் பொறுப்பு, நனைக்கிற தண்ணீர் நம் பொறுப்பு. மழை இல்லாத மாதமாகப் பார்த்தால் கிணறு உப்புக் கரிக்கிற மாதமாக அமைகிறது, என்ன செய்ய! கம்பிக் கான்கிரீட்டுக்கு எடுக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாதாம். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். தேறாவிட்டால் டேங்கர்தான். தளத்தின் மேல் பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிற்க வேண்டும், முட்டும் அதுவரை அசையக் கூடாது. முட்டும் பலகையும் சேர்ந்த சென்ட்ரிங்குக்கு வாடகை ஏறுகிறது என்று ஏழாம் நாளே பிரிக்கக் கேட்பார்கள். சம்மதிக்க மாட்டேன்.

நீ சொல்ல வேண்டியது மூன்று. மாடி பிறகு எடுப்பாயா, மாட்டாயா? நம் ஊரில் பாதி வீட்டில் மொட்டைமாடியில் தூண் கம்பி நீட்டிக்கொண்டு துருப்பிடித்து நிற்கிறது. எடுப்பதாக இருந்தால் கம்பியை விட்டு, சிமென்ட் பால் பூசி, லேசான கான்கிரீட்டால் மூடி வைப்போம். இல்லையென்றால் விடவே வேண்டாம். படி உள்ளேயா, வெளியேயா? உள்ளே என்றால் தளத்தில் வழி விட வேண்டும். தண்ணீர் டேங்க் எத்தனை லிட்டர்? ஆயிரம் லிட்டர் என்றாலே ஒரு டன் பாரம், அது எந்தச் சுவருக்கு மேல் உட்காரும் என்று இன்ஜினியர் கேட்கிறார். ஃபேன் கொக்கியும் லைட் பைப்பும் தம்பி குறித்துவிட்டான்.

இன்ஜினியர் அடுத்த சனிக்கிழமை வருகிறார். வெள்ளி உனக்கு லீவுதானே, அன்றைக்கே யோசித்துச் சொல்லிவிடு. வார்ப்பு அன்றைக்கு வேலைக்காரர்களுக்கு மீன்சோறா கோழியா என்று அம்மா இப்போதே ஆரம்பித்துவிட்டாள், அதை அவளிடம் நீயே பேசிக்கொள்.

அன்புடன்,
அப்பா