வினாத்தாளின் முதல் பக்கத்து மதிப்பெண் கட்டம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும் டியூஷன் சென்டர் நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு வேலைகள் வரத் தொடங்கிவிட்டன. கீழக்கரை, மண்டபம், தேவிபட்டினம் என்று எந்தப் பக்கத்திலிருந்து தாள் வந்தாலும் இந்த முறை ஒரு கோரிக்கை கூடவே வருகிறது: முதல் பக்கத்தில் கேள்வி எண், அதன் மதிப்பெண், மாணவர் பெற்றது மூன்றையும் காட்டும் மதிப்பெண் கட்டத்தை எங்கள் பள்ளிக்கு ஏற்றபடி மாற்றித் தாருங்கள். தாராளமாக மாற்றலாம். அந்தக் கட்டம் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால், எதைக் கேட்கலாம், அதற்கு எங்களிடம் என்ன தர வேண்டும் என்பது உங்களுக்கே பிடிபடும்.

வினாத்தாள்களை நாங்கள் வேர்டில் செய்வதில்லை. லேடெக் என்ற அச்சுக்கோப்பு மொழியில் செய்கிறோம். தேர்வுத்தாளுக்கென்றே அதில் 'எக்ஸாம்' என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. அமெரிக்காவின் வெல்லெஸ்லி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ஃபிலிப் ஹிர்ஷ்ஹார்ன் எழுதியது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு கேள்வியோடும் அதன் மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டால், கேள்வி எண்ணையும் மதிப்பெண்ணையும் எடுத்து, கூட்டியும் போட்டு, கட்டத்தை அதுவே வரைந்துவிடும். வினாத்தாள் கோப்பைக் கணினியில் முதல் தடவை ஓட்டும்போது மதிப்பெண்களை ஒரு துணைக் கோப்பில் குறித்துக்கொள்ளும். இரண்டாவது தடவை அதைப் படித்துக் கட்டத்தை நிரப்பும். அதனால்தான் "கட்டத்துல மட்டும் அந்த 8-ஐ 10 ஆக்கிடுங்க" என்று ஃபோனில் சொன்னால் தயங்குகிறோம். எந்தக் கேள்விக்கு 10 என்று சொல்லுங்கள், கட்டம் தானாக மாறும். கேள்விக்கு எதிரே ஒன்றும் கட்டத்தில் வேறொன்றுமாக இருந்தால் திருத்துபவர் பாடு திண்டாட்டம்தான்.

தலைப்புச் சொற்களை மாற்றுவது நொடி வேலை. 'வினா', 'மதிப்பெண்', 'பெற்றது', 'மொத்தம்' என்று உங்கள் பள்ளி வழக்கப்படி எதையும் போடலாம். சொல் சிறியதாக இருப்பது நல்லது. 'அதிகபட்ச மதிப்பெண்' என்று எழுதினால் அந்த ஒரு கட்டமே பாதி அகலத்தைத் தின்றுவிடும். படுக்கையாகவோ செங்குத்தாகவோ போடலாம். கட்டத்தின் அகலம், உயரம் இரண்டையும் கூட்டலாம். சிவப்பு மையில் பெரிதாக எழுதுகிறவர்கள் உயரத்தைக் கூட்டச் சொல்லுங்கள். மாணவர் வினாத்தாளிலேயே விடை எழுதுகிற சிறு தேர்வுகளுக்குக் கேள்வி வாரியாக இல்லாமல் பக்க வாரியாகக் கட்டம் கேளுங்கள். ஒரு பக்கத்தைத் திருத்தி முடித்ததும் ஒரே எண், அவ்வளவுதான். கூட்டல் பிழையும் குறையும்.

சிக்கல் வருவது பொதுத்தேர்வு மாதிரித் தாளில். பத்தாம் வகுப்புக் கணிதத்தையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 44 வினாக்கள். வினா ஒன்றுக்கு ஒரு சிறு கட்டம், அதற்கு 8 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்தாலே 35 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஏ4 தாளின் அகலம் 21 தான். செங்குத்தாகப் போட்டாலும் கீழே இடித்துக்கொண்டு நிற்கும். மூன்று, நான்கு வரிசையாக மடித்துப் போடும் வசதி உண்டு. ஆனால் 14 ஒரு மதிப்பெண் வினாக்களுக்குத் தனித்தனிக் கட்டம் எதற்கு என்று எங்களுக்கே தோன்றுகிறது.

அதைவிடப் பெரிய வில்லங்கம் கூட்டுத்தொகை. இரண்டு மதிப்பெண் வினா 14 கொடுத்து 10 எழுதச் சொல்கிறோம். ஐந்து மதிப்பெண்ணிலும் அப்படியே. 'ஏதேனும் 10' என்ற வரி மாணவருக்குப் புரியும், நிரலுக்குப் புரியாது. அது 14, 28, 70, 16 என்று எல்லாவற்றையும் கூட்டி 128 என்று போட்டுவிடும். எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு; ஒவ்வொன்றிலும் 'அல்லது' என்று வரும் இரண்டுக்கும் தனித்தனியாக 8 கொடுத்தால் இன்னும் 16 ஏறி 144. நூறு மதிப்பெண் தாளின் முகப்பில் 144 இருந்தால் பெற்றோர் சும்மா விடுவார்களா?

ஆகவே இந்த வகைத் தாளுக்குத் தானியங்கிக் கட்டத்தை நிறுத்திவிட்டு, பகுதி வாரியாக நாங்களே ஒரு கட்டம் கட்டுகிறோம்: பகுதி ஒன்று 14, இரண்டு 20, மூன்று 50, நான்கு 16, மொத்தம் 100. பார்க்கவும் அழகு, திருத்துபவருக்கும் இதுதான் சௌகரியம் என்பது எங்கள் கருத்து. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இங்கே கூட்டலை நிரல் சரிபார்க்காது; நாங்கள் பார்ப்போம், ப்ரூஃபில் நீங்களும் ஒரு முறை கூட்டிப் பாருங்கள்.

இனி தாள் அனுப்பும்போது ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை வினா, அதில் எத்தனை எழுத வேண்டும், ஒன்றுக்கு எவ்வளவு, கட்டாய வினா எது என்று மேலே ஒரு துண்டுக் குறிப்பு எழுதிவிடுங்கள். கையெழுத்துத் தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி. தட்டச்சு செய்தால் யூனிகோடில் செய்யுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் வரும் கோப்பை மாற்றி எடுத்துச் சரிபார்க்கவே அரை நாள் போய்விடுகிறது.

கட்டத்தை மாற்ற தனிக் கட்டணம் கிடையாது. பகுதி வாரிக் கட்டம் முதல் முறை கேட்பவர்களுக்கு மட்டும் ஒரு நாள் கூடுதலாகும். அடுத்த தேர்விலிருந்து அந்தக் கட்டத்தின் அமைப்பு எங்களிடமே இருக்கும். மழைக்காலம், கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஈரக்காற்றில் தாள் நமுத்துப்போய் ஜெராக்ஸ் மெஷினும் அடிக்கடி மக்கர் செய்கிறது. தேர்வுக்கு ஐந்து வேலை நாள் முன்பாவது தாள் கைக்கு வந்துவிட்டால் நன்றாக இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு வழக்கம்போல பஸ்ஸில் கட்டு போட்டு அனுப்பிவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் டி.டி.பி. கடையிலிருந்து,
ராமநாதபுரம்