அந்தப் பெட்டி உன்னிடம் கேட்கும் கேள்விகள்

பொள்ளாச்சி

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மஞ்சள் நன்றாக வந்திருக்கிறது, தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் குறையவில்லை என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே தென்னையின் பாடுதான் கவலை. வாடல் நோய் கண்ட மரங்களை வெட்டி எடுத்துவிட்டோம். தோப்பு நடுவில் வெயில் விழுவதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கன்று வைத்திருக்கிறோம், பார்ப்போம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பையன் சிங்கப்பூர் போகும்போது விட்டுவிட்டுப் போன டி.வி.டி. பிளேயரை ஹாலில் வைத்தாய். பாட்டு காதைப் பிளக்கிறது, வசனம் கேட்கவே மாட்டேன் என்கிறது, பழைய படத்தில் எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள், சின்ன அம்மிணி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டிஸ்க் ஓடவில்லை. செட்டப் மெனுவைத் திறந்தால் எல்லாம் புரியாத வார்த்தை, எதைத் தொட்டால் என்ன ஆகுமோ என்று மூடிவிட்டேன் என்றும் எழுதியிருந்தாய்.

மாப்பிள்ளை, அந்த மெனுவில் இருப்பதெல்லாம் அந்தப் பெட்டி உன்னிடம் கேட்கும் கேள்விகள். உன் டி.வி. என்ன வடிவம்? எத்தனை ஸ்பீக்கர் வைத்திருக்கிறாய்? எந்த ஒயர் மாட்டியிருக்கிறாய்? அவ்வளவுதான். உன் பையன் அவனுடைய ரூமில் இருந்த சாமான்களுக்கு ஏற்ற பதிலைச் சொல்லி வைத்திருந்தான். அதே பதிலோடு பெட்டி இப்போது உன் ஹாலுக்கு வந்திருக்கிறது. பெட்டியிலும் கோளாறு இல்லை, உன் காதிலும் கோளாறு இல்லை.

முதலில் வசனம். பெட்டியின் பின்னால் ஆறு ஓட்டை வரிசையாக இருக்கும்: முன் இடது, முன் வலது, நடு, பின் இடது, பின் வலது, சப்வூஃபர். 5.1 என்பது இதுதான். ஐந்து ஸ்பீக்கர், அதோடு தாழ்ந்த அதிர்வுக்கு மட்டும் ஒன்று. அந்த ஒன்று முழு ஒலியையும் தராது, அடி ஒலியை மட்டும்தான் தரும். அதனால்தான் புள்ளி ஒன்று. இப்படிப் பதிந்த படங்களில் பாட்டும் பின்னணி இசையும் இடது வலதில் வரும், வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் மட்டுமே வரும். நீ உன் பழைய ஆம்ப்ளிஃபயருக்குச் சிவப்பு, வெள்ளை ஒயர் இரண்டை மட்டும் மாட்டியிருக்கிறாய். பெட்டியோ ஆறு ஸ்பீக்கரும் இருப்பதாக நினைத்துக்கொண்டு, வசனத்தை ஒயரே இல்லாத நடு ஓட்டைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. கதாநாயகன் பேசியதெல்லாம் அங்கேயே நின்றுபோகிறது.

ஸ்பீக்கர் செட்டப்புக்குள் போ. 'டவுன்மிக்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதில் எல்.டி./ஆர்.டி., ஸ்டீரியோ, ஆஃப் என்று இருக்கும். உன்னுடையது இப்போது ஆஃபில் இருக்கும். ஸ்டீரியோவுக்கு மாற்று. அந்த நிமிடமே நடு ஸ்பீக்கருக்கு உரியது இரண்டு பக்கமும் கலந்து வரும், வசனம் பளிச்சென்று கேட்கும். எல்.டி./ஆர்.டி. என்பது, வந்த ஒலியை மறுபடி நாலு பக்கமாகப் பிரிக்கத் தெரிந்த ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கு. உனக்கு வேண்டாம்.

அப்புறமும் சண்டைக் காட்சியில் வீடு அதிர்ந்து, அடுத்த காட்சியில் கிசுகிசுத்தால், 'டைனமிக்' அல்லது 'டி.ஆர்.சி.' என்ற வரியைத் தேடு. பெரிய சத்தத்துக்கும் சின்னச் சத்தத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் விடலாம் என்று கேட்கிறது அது. தியேட்டரில் அந்தத் தூரம் முழுக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு அம்மாவும் குழந்தையும் தூங்கும் சாளையில் வேண்டாம். ஃபுல் என்று வை; தூரத்தை முழுக்கக் குறை என்று அர்த்தம். டால்பி என்ற முறையில் ஒலி பதிந்த டிஸ்க்குகளுக்குத்தான் இது வேலை செய்யும். மற்றதற்கு ரிமோட்தான் வழி.

டிஜிட்டல் ஒலியை எப்படி வெளியே அனுப்பட்டும் என்று கேட்கும் இடத்தில் வரும் பி.சி.எம்., பிட்ஸ்ட்ரீம் என்ற இரண்டும் உனக்கு இப்போது தேவைப்படாது. ஆனாலும் நாளைக்கு சவுண்ட்பார் வாங்கினால் கேட்பாய். பிட்ஸ்ட்ரீம் என்றால் மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது, பி.சி.எம். என்றால் பெட்டியே பிரித்து அளந்து கொடுப்பது. வாங்குகிற பக்கத்துக்கு டால்பி, டி.டி.எஸ். என்ற மூட்டைகளைப் பிரிக்கத் தெரிந்தால் பிட்ஸ்ட்ரீம் வை. தெரியாவிட்டால் பி.சி.எம். 'கோஆக்சியல்' என்று எழுதிய ஓட்டையும் சிவப்பு, வெள்ளை ஓட்டை மாதிரியேதான் இருக்கும். அதிலிருந்து ஒயர் எடுத்து உன் பழைய ஆம்ப்ளிஃபயரில் குத்திவிடாதே. அதில் வருவது டிஜிட்டல், வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும்.

அடுத்தது குண்டு முகம். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், கோயமுத்தூர் பட்சிராஜா, சென்ட்ரல் ஸ்டுடியோ என்று நம் ஊர்களில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களெல்லாம் ஏறக்குறைய சதுரமான சட்டத்துக்கு எடுத்தவை. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல்தான் வந்தது. அந்தச் சட்டத்துக்கு என்று யோசித்து நிற்கவைத்த ஆளை, திரை நிறையவேண்டும் என்பதற்காக இரண்டு பக்கமும் இழுத்துப் பார்ப்பது அந்தக் கேமராக்காரருக்குச் செய்யும் அநியாயம். பக்கவாட்டில் கறுப்பு இருந்தால் இருக்கட்டும். மெனுவில் டி.வி. வடிவம் என்ற இடத்தில் 4:3 பி.எஸ்., 4:3 எல்.பி., 16:9 என்று மூன்று இருக்கும். உன்னுடையது அகல டி.வி., அதனால் 16:9 வை. பழைய படம் போடும்போது டி.வி. ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 ஆக்கு. முகம் முகமாக இருக்கும். பி.எஸ். எப்போதும் வேண்டாம், அது அகலப் படத்தின் இரண்டு ஓரத்தையும் வெட்டிவிடும்.

டி.வி.க்குப் படம் போகும் மஞ்சள் ஒயரைக் கழற்றிவிட்டு எச்.டி.எம்.ஐ. ஒயர் போட்டுக்கொள். மஞ்சளில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து போவதால் ஓரங்களில் நிறம் கசியும். ஆனால் ஒன்று. 1080-க்கு 'அப்ஸ்கேலிங்' செய்கிறது என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், உன் வி.சி.டி.களில் அதிசயத்தை எதிர்பார்க்காதே. வி.சி.டி.யில் உள்ளதே 352-க்கு 288 புள்ளி. டி.வி.டி.யில் 720-க்கு 576, அதாவது ஏறக்குறைய நாலு மடங்கு. பெட்டி புள்ளிகளைப் பெருக்கிக் காட்டும், டிஸ்க்கில் இல்லாததை எங்கிருந்தும் கொண்டுவராது. நம் ஊர் எம்.பி.3 சிடியும் அப்படித்தான். ஒரே சிடியில் நூற்றைம்பது பாட்டு வந்தது பெரிய சௌகரியம், மறுக்கவில்லை. அசல் ஆடியோ சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட், அந்த 128 கிலோபிட் எம்.பி.3-ல் அதில் பதினொன்றில் ஒரு பங்கு. நல்ல ஸ்பீக்கரில் நாதஸ்வரம் போட்டுப் பார், வித்தியாசம் உனக்கே தெரியும்.

படம் பாதியில் அரை நொடி நின்று ஓடுவது கோளாறு இல்லை, பயப்படாதே. டி.வி.டி.யின் ஒரு அடுக்கில் 4.7 ஜி.பி.தான் கொள்ளும். நீளமான படத்துக்கு இரண்டு அடுக்கு வைத்து 8.5 ஜி.பி. ஆக்கியிருப்பார்கள். முதல் அடுக்கு முடிந்ததும் லேசர் இரண்டாவது அடுக்கில் நிலைகொள்ள எடுக்கும் நேரம் அது.

அமெரிக்க டிஸ்க் ஓடாததற்குக் காரணம் ரீஜன், அதாவது எந்த நாட்டுப் பக்கம் ஓடவேண்டும் என்று டிஸ்க்குக்குப் போட்ட பூட்டு. உறையின் பின்னால் உலக உருண்டைக்குள் ஒரு எண் இருக்கும். அமெரிக்காவுக்கு 1, இந்தியாவுக்கு 5. எல்லா ரீஜனும் ஓடும் பிளேயராக இருந்தால்தான் அது ஓடும். பையன் அனுப்பிய நீல உறைக்காரன் வேறு ஜாதி, அது ப்ளூ ரே. டி.வி.டி.யைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், ப்ளூ ரே டிஸ்க்குக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர் வேண்டும். எத்தனை தடவை துடைத்துப் போட்டாலும் 'நோ டிஸ்க்' என்றுதான் வரும். தனி பிளேயர் வாங்கும்வரை பத்திரமாக வை.

இனி எழுதப்போவதுதான் அவசரம், இதை மட்டும் தள்ளிப்போடாதே. உன் கல்யாண டி.வி.டி. முக்கால்வாசி நன்றாக ஓடி, கடைசியில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது என்று ஒரே வரியில் எழுதியிருந்தாய். அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. டிஸ்க்கைத் திருப்பிப் பார். ஊதா கலந்த நீலமாக இருந்தால் அது ஸ்டுடியோக்காரர் பதிந்த டிஸ்க். கடையில் விற்கும் பட டிஸ்க்கில் பள்ளங்களை அச்சில் வார்த்திருப்பார்கள். பதியும் டிஸ்க்கில் இருப்பது ஒரு சாயம், அதை லேசரால் சுட்டு எழுதுகிறார்கள். வெயிலும் சூடும் ஈரமும் பட்டால் அந்தச் சாயம் கெடும். டிஸ்க்கை உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்குப் படிப்பார்கள், கேடு பெரும்பாலும் வெளி ஓரத்தில்தான் தொடங்கும். அதனால்தான் முன்னால் நடந்த இணைச்சீர்ச் சடங்கில் உன் அக்கா பக்கத்தில் நிற்பது நன்றாகத் தெரிகிறது, பின்னால் மங்கல வாழ்த்து சொல்லும்போது உடைகிறது. உங்கப்பா கைகூப்பி நிற்பது அந்த இடத்தில்தானே?

மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடை, வட்டமாகத் துடைக்காதே. வட்டக் கீறல் விழுந்தால் அது எழுத்தின் தடத்தோடேயே ஓடும். டி.வி.டி. டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் போட்டால் 'வீடியோ டி.எஸ்.' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் வி.ஓ.பி. என்று முடியும் பெரிய ஃபைல்களை ஒவ்வொன்றாக ஹார்டு டிஸ்க்குக்கு எடு. கடைசி ஃபைல் சிக்கினாலும் முந்தையவை பிழைத்துக்கொள்ளும். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிப்பதுண்டு, விட்டுவிடாதே. எடுத்ததை இரண்டு இடத்தில் வை, பென் டிரைவை மட்டும் நம்பாதே.

அந்த டிஸ்க்குக்கு மூலமான வீடியோ கேசட் உங்கள் அட்டாலியில் இன்னும் இருக்கிறதா என்று அக்காவிடம் கேள். இருந்தால் அதை எந்தப் பிளேயரிலும் போட்டுப் பார்க்காதே. பூஞ்சை பிடித்த டேப்பை ஓட்டினால் அறுந்துவிடும். டிஸ்க்கையும் கேசட்டையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, தைப்பூசத்துக்குப் பழனி வரும்போது கையோடு எடுத்து வா. கோயமுத்தூரில் கேசட்டைச் சுத்தம் செய்து மாற்றிக் கொடுக்கும் ஒருவரிடம் பேசி வைக்கிறேன், நாம் இருவரும் கூடவே போய் உட்கார்ந்து எடுத்து வருவோம். டவுன்மிக்ஸை மாற்றியதும் வசனம் சரியாகிவிட்டதா என்று ஒரு வரி எழுது.

தங்கச்சியையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்