பியானோவைக் கவிழ்த்த கச்சேரி

ஆசிரியருக்கு,

நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் நடக்கும் இசை நாடகங்களைக் கச்சேரி வடிவில் மேடையேற்றிப் படம்பிடிப்பது அரைகுறை வேலை என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை ஒதுக்கியிருந்தது. அரங்க அமைப்பு இல்லை, ஒத்திகை குறைவு, தாளைப் பார்த்தே பாடுகிறார்கள் என்கிறார் கட்டுரையாளர். சரி, பல பதிவுகளுக்கு இது பொருந்தும். ஆனால் 2014 மார்ச்சில் நியூயார்க் லிங்கன் சென்டர் கலையரங்கில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா நடத்திய, வாடிக்கையாளர்களின் கழுத்தை அறுக்கும் லண்டன் நாவிதனின் கதையான ‘ஸ்வீனி டாட்’ பதிவை அவர் பார்க்கவில்லை போலிருக்கிறது.

தொடக்கத்தில் எல்லாரும் கோட்டும் கவுனுமாக, ஸ்டாண்டில் இசைத்தாளை வைத்துக்கொண்டு அடக்க ஒடுக்கமாகத்தான் நிற்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்வீனியாகப் பாடும் பிரின் டெர்ஃபெல் தாள்களைத் தூக்கி வீசுகிறார். உடன் நடிக்கும் நடிகை எம்மா தாம்ஸனும் விடவில்லை. பூ அலங்காரம் பறக்கிறது, பெரிய பியானோவையே கவிழ்த்துவிடுகிறார்கள். அப்புறம் அந்தப் பியானோவே அரங்கப் பொருளாகிவிடுகிறது. இயக்குநர் லானி பிரைஸின் குறும்பு இது.

முக்கியமாக, ஸ்டீபன் சோண்ட்ஹைம் எழுதி 1979இல் அரங்கேறிய இந்த இசையை முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு கேட்க வாய்ப்பது அபூர்வம். வழக்கமாக மேடைக்கு முன்னால் பள்ளத்தில் மறைந்திருக்கும் வாத்தியக்காரர்கள் இங்கே நடிகர்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கழுத்து அறுபடும்போது அலறும் அந்த ஆலைச் சங்கு, ஹெட்போனில் கேட்டாலும் தூக்கிவாரிப்போடுகிறது.

எனக்கும் ஒரு குறை உண்டு. வயலின்காரர்களின் முகத்தை இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம். பக்கத்தில் கொலை நடக்கும்போது அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று பார்க்க ஆசை.

ஒரு வாசகர்,
திருச்சி